குல்மார்க்கில் பிடித்த பிஸ்டன்: பாளையங்கோட்டைப் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு பழைய ஸ்னோமொபைல், பனி மேல் ஓடுகிற வண்டி. டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், ஐந்நூற்றுச் சொச்சம் சிசி, ஃபேன் கூலிங். சிலிண்டருக்கு ஒன்று என்று இரண்டு மிக்குனி கார்புரேட்டர். ஓடுகிற இடம் காஷ்மீரில் குல்மார்க், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். அதைப் பார்த்துக்கொள்பவன் என் அக்கா மகன், அம்பாசமுத்திரத்துப் பையன். லடாக் போகும் பைக் குழுக்களோடு மெக்கானிக்காகப் போனவன், குளிர்காலத்துக்கும் வேலை கிடைக்கவே அந்தப் பக்கமே தங்கிவிட்டான். நான் பாளையங்கோட்டையில் டூ ஸ்ட்ரோக் வேலை செய்கிற பட்டறைக்காரன். ஆர்எக்ஸ் 100, யெஸ்டி, அப்புறம் வாழைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், இவைதான் என்னிடம் வருபவை.

உயரம் கூடினால் காற்று குறையும், ஆகவே ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் பாய்கிற துளையை, குறைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி வேலை செய்ததில் ஒரு நல்ல எஞ்சின் பிடித்துப்போனது, அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு உரசி இறுகி நின்றுவிட்டது. மலை ஏறுகிற எந்த கார்புரேட்டர் வண்டிக்கும் இது பொருந்தும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

புகார்

காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை நாற்பது நாள் கடுங்குளிருக்குச் சில்லாய் கலான் என்று பெயர். அந்தச் சமயம் நல்ல பனிப்பொழிவு. புதிதாக விழுந்த பவுடர் பனி இடுப்பளவு கிடந்தது. அதற்குள் வண்டியை விட்டதும் இழுவை போய்விட்டது. போனில் அவன் சொன்னது இதுதான்: "மாமா, வண்டி மூச்சு முட்டுது. முழு ரேஸ் குடுத்தா மூக்கப் பொத்துன மாரி அமுங்குது."

என்னிடம் கேட்பதற்கு முன்பே அங்கிருந்தவர்கள் மருந்து சொல்லிவிட்டார்கள். உயரத்தில் காற்று கம்மி, பெட்ரோல் மிஞ்சுகிறது, மெயின் ஜெட்டைக் குறை என்று. 190 இருந்ததை எடுத்துவிட்டு 180 போட்டார்கள், கொஞ்சம் தேவலை. 170 போட்டார்கள். அன்று மதியம் பவுடரில் வண்டி சுத்தமாக இழுத்தது. எல்லோருக்கும் திருப்தி.

மறுநாள் காலை வானம் தெளிந்து, குளிர் மைனஸ் 12 டிகிரிக்கு இறங்கியிருந்தது. வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பாதையில் முழு ரேஸில் நீளமாக ஒரு ஓட்டம். கிளட்ச் பக்கத்து சிலிண்டர் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஆறியதும் கயிற்றை இழுத்தால் சுற்றியது, ஆனால் கம்ப்ரஷன் இல்லை. அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

கழற்றும் முன்

"ஏல, ஒண்ணையும் கழட்டாத. கழட்டிட்டா சாட்சி போயிரும்" என்றேன். லீன் ஆகி, அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் போதாமல், பிடித்த எஞ்சினுக்கு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்காவது திருட்டுக் காற்று எடுக்கிறதா என்பது. கார்புரேட்டர் ரப்பரில் ஒரு மயிரிழை விரிசல், கிராங்க் தண்டின் முனையில் காற்றை அடைக்கிற ரப்பர் சீல் தேய்ந்து போனது, இப்படி ஏதாவது இருந்தால் எந்த ஜெட் போட்டாலும் மறுபடியும் பிடிக்கும். ஜெட்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

அதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியின் ரப்பர் பம்பும் மீட்டரும் போதும். சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் காற்று ஏற்ற வேண்டும். அந்த மீட்டர் 300 மில்லிமீட்டர் வரை காட்டும். அது சுமார் 0.4 பார், கிராங்க் கேஸைச் சோதிக்க அவ்வளவு போதும். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கலாம். அவன் இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகச் சோதித்தான். முள் அசையவில்லை. திருட்டுக் காற்று இல்லை என்பது உறுதியானது. அதன் பிறகுதான் கழற்றச் சொன்னேன்.

பிஸ்டன் சொன்னது

சிலிண்டர், பிஸ்டன், பிளக் மூன்றும் பார்சலில் பட்டறைக்கு வந்தன. பிடித்த பிஸ்டனைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது இந்தத் தொழிலில் பாதி வேலை.

குளிர் ஊரில் எஞ்சின் பிடித்தால் சூடேற்றாமல் ஓட்டிவிட்டான் என்றுதான் முதலில் சந்தேகம் வரும். அலுமினிய பிஸ்டன் சீக்கிரம் விரிந்துவிடும், சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே கிடக்கும், நடுவில் இடம் இல்லாமல் உரசும். அப்படிப் பிடித்தால் பிஸ்டனின் பாவாடையில், அதாவது கீழ்ப்பகுதியில், நான்கு மூலையிலும் நான்கு கோடு விழும். இதில் அது இல்லை. உரசல் முழுவதும் எக்ஸாஸ்ட் பக்கம். மேலிருந்து கீழாகக் கீறல், உருகின அலுமினியம் இழுபட்டு ரிங் பள்ளத்தையே மூடியிருந்தது. பிஸ்டனின் மிகச் சூடான பக்கம் அதுதான்.

பிஸ்டன் தலை இன்னும் தெளிவாகச் சொன்னது. கலவை சரியாக இருக்கிற டூ ஸ்ட்ரோக்கில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கு நேராக, ஓரத்தில், கரி படியாமல் கழுவிவிட்ட மாதிரி சின்னச் சின்ன இடம் இருக்கும். உள்ளே வருகிற பச்சைப் பெட்ரோல் கழுவுகிற இடம் அது. இந்தத் தலையில் அப்படி ஒன்றுமே இல்லை. ஓரம் வரை வறண்ட வெளிர் சாம்பல் நிறம். பிளக்கின் பீங்கான் வெள்ளை வெளேர் என்று இருந்தது, அதில் ஊசிமுனை அளவு அலுமினியத் துளிகள். இன்னொரு சிலிண்டர் பிடிக்கவில்லை என்றாலும் அதன் பிளக்கும் வெளுத்திருந்தது. ஃபேன் இருப்பது கயிறு இழுக்கும் பக்கம், கிளட்ச் பக்கம் அதற்குத் தள்ளி இருக்கிறது. இரண்டும் லீனாக ஓடினால் முதலில் பிடிப்பது சூடு அதிகமுள்ள அந்தப் பக்கம்தான்.

ஆக, லீன். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முந்தின நாள் மதியம் அதே 170 ஜெட் எப்படி நன்றாக இழுத்தது?

காற்றின் கணக்கு

எஞ்சினுக்கு உயரம் தெரியாது. உள்ளே வருகிற காற்று எவ்வளவு அடர்த்தி என்பதுதான் தெரியும். அடர்த்தியை முடிவு செய்வது இரண்டு: காற்றழுத்தம், வெப்பநிலை. கடல் மட்டத்தில் அழுத்தம் 1,013 மில்லிபார். 2,650 மீட்டரில் சுமார் 733. அதை மட்டும் பார்த்தால் 28 சதவீதம் காற்று குறைந்துவிட்டது என்று பயந்துபோய் ஜெட்டில் கை வைக்கத் தோன்றும். ஆனால் குளிர்ந்த காற்று சுருங்கி அடர்த்தியாகிறது. மே மாதம் 38 டிகிரி வெயிலில் நம்ம திருநெல்வேலிக் காற்றையும், மைனஸ் 12 டிகிரியில் குல்மார்க் காற்றையும் எடையில் ஒப்பிட்டால் அங்கே 13 சதவீதம்தான் குறைவு. என் பட்டறையில் கணக்குப் போட்டு முடித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்றும் உண்டு. காற்று 13 சதவீதம் குறைந்தால் பெட்ரோலும் 13 சதவீதம் குறைய வேண்டும் என்றாலும், ஜெட்டை அவ்வளவு குறைக்கத் தேவையில்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை உறிஞ்சி இழுப்பதே அந்தக் காற்றுதான். காற்று மெலிந்தால் இழுப்பும் குறைகிறது. ஏறக்குறைய பாதித் திருத்தத்தை கார்புரேட்டரே செய்துவிடுகிறது. அடர்த்தி விகிதத்தின் வர்க்கமூலத்தை எடுத்தால் ஜெட்டுக்கான விகிதம் கிடைக்கும். 0.87-க்கு வர்க்கமூலம் 0.93. அதாவது நெல்லை வெயிலுக்குச் சரியாக இருக்கிற ஜெட்டை குல்மார்க் காலைக் குளிருக்கு 7 சதவீதம் குறைத்தால் போதும். மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டில் எண் என்பது பெட்ரோல் பாய்கிற அளவைக் குறிப்பது, ஆகவே இந்த விகிதத்தை எண்ணில் நேரடியாகப் பெருக்கிப் பார்க்கலாம்.

நம் ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. மணிமுத்தாறு அடிவாரத்திலிருந்து மாஞ்சோலை ஆயிரம் மீட்டருக்கு மேல். எத்தனையோ ஆர்எக்ஸ் 100 அங்கே ஏறி இறங்கியிருக்கிறது. அதற்காக யாரும் ஜெட் மாற்றி நான் பார்த்ததில்லை. மேலே போகப் போக அழுத்தம் குறைந்தாலும், கீழே 35 டிகிரி இருக்கும்போது மேலே 20 டிகிரிதான். அந்தக் குளிர்ச்சி பாதியைச் சரிக்கட்டிவிடுகிறது. ஜெட் கணக்கில் மிச்சம் வருவது 3, 4 சதவீதம். வண்டி கொஞ்சம் சோம்பலாக ஏறும், அவ்வளவுதான்.

இனி குல்மார்க்குக்குள்ளேயே பார்ப்போம். மைனஸ் 12 டிகிரி காலைக்கும் 4 டிகிரி மதியத்துக்கும் காற்றின் அடர்த்தியில் 6 சதவீத வித்தியாசம், ஜெட் கணக்கில் 3 சதவீதம். அங்கிருந்து கேபிள் கார் முதல் நிலையம் இருக்கிற கோங்டூரிக்கு ஏறினால், 3,000 மீட்டர் தாண்டியும் ஜெட் கணக்கில் மூன்று சதவீதத்துக்குள்தான். அதாவது நானூறு மீட்டர் ஏறுவதும், காலையிலிருந்து மதியம் ஆவதும் எஞ்சினுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். உயரத்தைப் பார்த்தவர்கள் தெர்மாமீட்டரைப் பார்க்கவில்லை.

வண்டியிலேயே இதற்கு அட்டவணை இருந்தது. கிளட்ச் மூடியின் உட்புறம், பாதி கிழிந்த ஸ்டிக்கர். பக்கவாட்டில் உயரம் அடியில், மேலே குளிர் ஃபாரன்ஹீட்டில். போட்டோ அனுப்பச் சொல்லிப் படித்தேன். அவர்கள் ஓடுகிற வரிசை 8,000 முதல் 10,000 அடி. அதில் 10 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் மைனஸ் 12, அந்தக் கட்டத்தில் 190. 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 4 டிகிரி, அதற்கு 180. வண்டியில் முதலில் இருந்த 190 சரியான ஜெட்தான். முன்பு வைத்திருந்தவர் எவரோ தெரிந்துதான் போட்டிருக்கிறார். 170 அந்த வரிசையிலேயே இல்லை.

மூக்கைப் பொத்தியது எது

சரி, 190 சரி என்றால் பவுடரில் ஏன் மூச்சு முட்டியது? 170-இல் ஏன் நன்றாக இழுத்தது? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. நன்றாக இருக்கிற இன்னொரு வண்டியை, அதே மாடல், பவுடரில் ஓட்டிவிட்டு உடனே பானெட்டைத் திறந்து வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.

பானெட்டின் முன்பக்கத்தில் காற்று நுழைகிற துளைகளுக்குப் பின்னால் பஞ்சு ஒட்டியிருந்தது. பவுடர் பனி மாவு போல அதில் அப்பி, எஞ்சின் சூட்டில் உருகி, மறுபடி உறைந்து, வெள்ளை அப்பளமாக ஒரு ஓடு பிடித்திருந்தது. அவன் விரலால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம். காற்று போக மூலையில் இரண்டு விரல் அகலம்தான் மிச்சம்.

பவுடரில் பனியே சோக்காக வேலை செய்திருக்கிறது. காற்று அடைபட்டு, பெட்ரோல் மிஞ்சி, வண்டி அமுங்கியது. ஜெட்டைக் குறைத்ததும் அடைபட்ட காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைத்தது, இழுத்தது. மறுநாள் காலை இறுகிய பாதையில் பனித்தூள் பறக்கவில்லை. பஞ்சு காய்ந்து, வழி முழுதாகத் திறந்து, மைனஸ் 12 டிகிரியின் அடர்ந்த காற்று தாராளமாக உள்ளே வந்தது. பெட்ரோல் மட்டும் 190-க்குப் பதில் 170. பத்து சதவீதத்துக்கு மேல் பற்றாக்குறையில் முழு ரேஸ். பிடிக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

அங்கிருந்த மெக்கானிக்குகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அமுங்குகிற வண்டி இழுக்கத் தொடங்கினால் யாருக்கும் வேலை முடிந்தது என்றுதான் படும். ஆனால் மலையில் இருக்கும்போது எதற்கெடுத்தாலும் உயரத்தைக் காரணம் சொல்லும் பழக்கம் ஆபத்தானது. இடுப்பளவு பனியில் எஞ்சின் பிடித்தால் இறங்கி நடந்து வர முடியாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்த வேலை

சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் என்பதால் லேத்தில் போர் போட்டு உள்வட்டத்தைப் பெரிதாக்க முடிந்தது. ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் அவன் வாங்கி அனுப்பினான். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியைக் கம்பெனி புத்தகம் 20 டிகிரி போல இருக்கிற அறைக்குச் சொல்கிறது. நம் பட்டறை 36 டிகிரி. அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால், எழுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்கு அந்த 16 டிகிரியில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை இடைவெளி குறைத்துக் காட்டும். இரண்டையும் ஒரே மேசையில் இரவு முழுக்க வைத்து, விடியற்காலையில் அளந்து, மிச்ச வித்தியாசத்தைக் கணக்கில் கழித்து போர் போடச் சொன்னேன். லேத்துக்காரர் பொறுமையான மனிதர், எனக்காக ஆறு மணிக்கே கடை திறந்தார்.

அங்கே பாகங்கள் போய்ச் சேர்ந்ததும் வேலை வரிசை முக்கியம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், இரண்டாவதைத் தொடும் முன் முதலாவது என்ன செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். பஞ்சு ஈரத்தைப் பிடித்து உறையும். அதற்குப் பதில் பானெட்டின் மேற்பக்கம் பெரிதாக வழி திறந்து நெருக்கமான நைலான் வலை ஒட்டினான். வலை அதிர்வதால் தூள் பனி உதிர்ந்துவிடும், பரப்பு பெரிதாக இருப்பதால் கொஞ்சம் அடைபட்டாலும் மூச்சு முட்டாது. அதன் பிறகு 190 ஜெட்டை இரண்டு கார்புரேட்டரிலும் திரும்பப் போட்டான்.

சோதனை காலைக் குளிரில், நாளின் மிகக் குளிர்ந்த நேரத்தில். சூடேற்றி, முழு ரேஸில் ஓட்டி, ரேஸை விடாமலே சுவிட்சை அணைத்து நின்ற இடத்தில் பிளக்கைக் கழற்றுவது. ஐடிலில் ஓட்டி வந்து கழற்றினால் பிளக் பொய் சொல்லும். பீங்கானின் அடியில் மங்கலான பழுப்பு வளையம் வந்திருந்தது. பிளக் துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் ஓரத்தில் கழுவின இடம் தெரிந்தது. இரண்டு சிலிண்டரிலும்.

பவுடரில் இப்போது அமுங்கல் இல்லை. ஆனால் இழுவை போதவில்லை என்றான். டாக்கோமீட்டர் என்ன காட்டுகிறது என்றேன். 6,300. இந்த எஞ்சின் முழு சக்தி கொடுப்பது 7,000 பக்கம். இது கார்புரேட்டர் விஷயம் அல்ல, கிளட்ச்.

ஸ்கூட்டியின் வேரியேட்டரைப் பிரித்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அதில் ரோலர் இருக்கிற இடத்தில் ஸ்னோமொபைலில் ஊசலாடும் எடைகள் இருக்கும். எஞ்சின் வேகம் கூடக் கூட அவை விரிந்து பெல்ட்டை உயர்ந்த கியருக்குத் தள்ளும். எடை அதிகமானால் சீக்கிரம் தள்ளிவிடும், எஞ்சின் தன் சக்தி வரும் வேகத்துக்கு ஏறவே முடியாது. 2,650 மீட்டரில், அந்தக் குளிரிலும், கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் எஞ்சின் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஜெட்டை எப்படி மாற்றினாலும் அந்தக் காற்று திரும்பி வராது. ஆனால் குறைந்த சக்திக்கு ஏற்ற இலகுவான எடை போட்டால் எஞ்சின் 7,000-ஐப் பிடிக்கும். ஒரு கிராம் குறைத்தால் சுமார் 100 ஆர்பிஎம் கூடும் என்பது இந்த வண்டிக்காரர்களின் கைக்கணக்கு. அவன் ஆறு கிராம் இலகுவான எடை மாற்றினான். 6,900 வந்தது. பவுடரில் சுமை விடாமல் இருப்பதால் அங்கே எஞ்சின் மூச்சு வாங்க இடைவெளியே கிடையாது. ஆகவே பவுடரிலேயே ஓட்டி அளப்பதுதான் சரி, இறுகிய பாதையில் வருகிற எண் இதற்கு உதவாது. செயின் கேஸில் மேல் பல்சக்கரத்தையும் இரண்டு பல் குறைத்தான்.

இனி மிச்சம்

இது மலைப் பவுடருக்கென்று பிறந்த வண்டி அல்ல. டிராக், அதாவது பனியைப் பிடித்து வண்டியைத் தள்ளுகிற ரப்பர் பட்டை, குட்டை, அதன் பற்களும் குட்டை. பவுடருக்கென்றே செய்கிற வண்டிகளில் டிராக் 150 அங்குலத்துக்கு மேல் நீளம், பற்கள் இரண்டரை, மூன்று அங்குலம். 2020 மாடலிலிருந்து ஸ்கி-டூ என்கிற ஸ்னோமொபைல் கம்பெனி டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தொழிற்சாலையிலேயே டர்போ வைத்துக் கொடுக்கிறது. மெலிந்த காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி, கடல் மட்டத்துச் சக்தியை மலையிலும் காப்பாற்றுகிற ஏற்பாடு. பழைய ஃபேன் கூலிங் வண்டியை எவ்வளவு டியூன் செய்தாலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அவனிடம் அதைச் சொல்லிவிட்டேன். இடுப்பளவு புதுப் பனியில் சுற்றுலாக்காரரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறாதே என்றும் சொன்னேன்.

இப்போது ஷெட் கதவில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. பக்கத்தில் அந்த அட்டவணையை செல்சியஸிலும் மீட்டரிலும் மாற்றித் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறான். அன்றைக்குப் போகிற வழியில் மிகத் தாழ்வான, மிகக் குளிரான இடம் எதுவோ அதற்குத்தான் ஜெட். மேலே போய்க் கொஞ்சம் ரிச்சாக, பெட்ரோல் மிஞ்சி, ஓடினால் ஓடட்டும், புகை வருமே தவிர பிஸ்டன் பிடிக்காது. உள்ளூர்ப் பையன்கள் இருவர் அதை உருதுவிலும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

பாக்கி இருப்பது கிராங்க் சீல். சோதனையில் காற்று விடவில்லை, ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது, மைனஸ் குளிரில் இறுகிக்கொண்டே போகும். அடுத்த சில்லாய் கலானுக்கு முன் கோடையிலேயே எஞ்சினை இறக்கி இரண்டு பக்கமும் மாற்றுவதாக முடிவு. பேரிங்கைச் சூடேற்றி ஏற்றுகிற வேலையைப் பார்க்க அவன் கிராங்க்கோடு ஊருக்கு வருகிறான். இன்னொரு வண்டியின் பஞ்சையும் வலையாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதிலும் அதே 170 ஜெட்தான் இருக்கிறது என்று நேற்றுத்தான் சொன்னான், அதை மாற்றும் வரை ஓட்டாதே என்றிருக்கிறேன்.